1500 ரூபாயும் ஓர் அரசாங்க சைக்கிளும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



சைக்கிள் டூர் என்றதும் உங்கள் கண் முன்னால் என்ன வருகிறது? ஹெல்மெட், கூலிங் கிளாஸ், உடம்பை ஒட்டிய பனியன், அரை லட்ச ரூபாய் கியர் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாகப் பறக்கிறார்களே, அவர்கள்தானே? அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல விஷயம்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் இது ஒத்து வராதுப்பா" என்று நம் கேன்டீனில் பேசிக்கொள்கிறோம் பாருங்கள், அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் மலர்க்குழுவிடம் சண்டை போட்டு இந்த நாலு பக்கத்தை வாங்கினேன்.

நானும் இரண்டு நண்பர்களும் (ஒருவன் சிவில், இன்னொருவன் ஆட்டோமொபைல், அவர்கள் பெயரைப் போடக்கூடாது என்று இருவரும் கண்டிஷன் போட்டிருக்கிறார்கள்) கடந்த ஜனவரியில் இரும்புலியூரிலிருந்து திருச்சி வரைக்கும் சைக்கிளில் போனோம். நேர் ரோட்டில் இல்லை. வடலூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றி. சுமார் 340 கிலோமீட்டர், 4 நாள். தலைக்கு 1500 ரூபாய். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தின் கதை இல்லை. அதைத் திட்டமிட்ட கதை. கதையை விடத் திட்டம்தான் உங்களுக்கு உபயோகம்.

முதலில் சைக்கிள். பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த என்னைப் போன்றவர்கள் வீட்டில் ஒரு சைக்கிள் கட்டாயம் இருக்கும். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், 2005-06இல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாருக்கும் என்று விரிந்தது. நிறையப் பேர் அதை வாங்கின வாரமே வித்துவிட்டார்கள். மிச்சமிருப்பவை மாடிப்படிக்குக் கீழே துரு பிடித்துக் கிடக்கின்றன. என்னுடையது கிடக்கவில்லை. தினமும் காலேஜுக்கு அதில்தான் வருகிறேன். அதனாலேயே எங்கள் வீட்டில் இந்த டூருக்கு வந்த முதல் எதிர்ப்பு பணத்தைப் பற்றியது இல்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "டேய், அந்த சைக்கிள் வழியில உக்காந்துடுச்சுன்னா நாளைக்குக் காலேஜுக்கு எதுல போவ?"

நியாயமான கேள்வி. எங்கள் திட்டம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கியர் இல்லாத சைக்கிளில் அவ்வளவு தூரமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி என்ற பெண்மணி 1963இல் தன்னந்தனியாக ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வரைக்கும் சைக்கிளில் வந்தார். அவருடைய சைக்கிளில் மூன்று கியர் இருந்தது. கிளம்பும் முன் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்! ஆசிய ரோடுகளில் அந்த மாதிரி நுணுக்கமான சாமான் தாங்காது, கெட்டால் வழியில் யாரும் சரி செய்யவும் மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அதே கணக்கு நமக்கும் பொருந்தும். சாதாரண சைக்கிள் டியூப், பெடல், பிரேக் கட்டை எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலும் கிடைக்கும். கியர் சைக்கிள் சாமானுக்கு டவுனில் பெரிய கடையைத் தேடி அலையணும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1923 அக்டோபர் 15ஆம் தேதி பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பார்சி இளைஞர்களில் அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் உலகத்தைச் சுற்றிவிட்டு 1928 மார்ச் 18ஆம் தேதி ஊர் திரும்பினார்கள். மொத்தம் சுமார் 71,000 கிலோமீட்டர். கேட்டால் தலை சுற்றுகிறது அல்லவா? கால்குலேட்டரை எடுங்கள். கிட்டத்தட்ட 1,616 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர். இரும்புலியூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போய்த் திரும்பி வரும் தூரம். அவ்வளவுதான் சார்! பாலைவனம், மலை, காய்ச்சல், விசா எல்லாம் அந்த சராசரிக்குள் அடக்கம் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் மிதித்தால்தான் டூர் என்ற எண்ணம் எவ்வளவு தப்பு என்று இதிலிருந்து தெரிகிறது. பி.ஆர்.எம். என்று ஒரு போட்டி மாதிரி நடத்துகிறார்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அது விளையாட்டு. நாம் பேசுவது பயணம்.

அப்படியென்றால் தினம் 44 கிலோமீட்டர் போதுமே என்று கேட்கலாம். இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. மெதுவாகப் போனால் நாள் கூடும். நாள் கூடினால் சாப்பாடும் படுக்கை இடமும் கூடும். ரொம்ப வேகமாகப் போனால் முழங்கால் போகும், பாதியில் பஸ் ஏற வேண்டி வரும், அது எல்லாவற்றையும் விட அதிகச் செலவு. எங்களுக்கு லீவு 4 நாள்தான்: குடியரசு தினத்தோடு ஒட்டி வந்த சனி, ஞாயிறு, அதோடு ஒரு வெள்ளி லீவு. (அட்டெண்டன்ஸ் சதவீதத்தைக் கணக்குப் பார்த்துத்தான் அந்த வெள்ளியை எடுத்தோம். எச்.ஓ.டி. இதைப் படிப்பார் என்று தெரியும்!) 340ஐ நாலால் வகுத்தால் 85. மணிக்கு 16 வேகத்தில் போனால் ஐந்தரை மணி நேர மிதி. காலையில் மூன்றரை மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். நடுவில் வெயிலுக்கு ஓய்வு. இது மனுஷனால் முடியும்.

ஏன் 16? ஏன் 22 கூடாது? இது நம் சப்ஜெக்ட். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறுகிறது. 16ஐ 22 ஆக்கினால் காற்றைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குத் தேவையான திறன் இரண்டரை மடங்கு. தொடையில் இருக்கிற எஞ்சின் ஒன்றேதான். அதற்கு ஊற்றுகிற பெட்ரோல் இட்லியும் வாழைப்பழமும். வேகம் கூட்டினால் ஹோட்டல் பில் ஏறும் என்பது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சொல்கிற உண்மை.

இதே காரணத்தால்தான் மாதமும் முக்கியம். ஜனவரியில் நம் பக்கம் வடகிழக்குக் காற்று. தெற்கே, தென்மேற்கே போகிறவனுக்கு அது முதுகில் தள்ளுகிற காற்று. அதே ரோட்டில் ஜூன், ஜூலையில் போனால் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வந்து முகத்தில் அடிக்கும். கன்னியாகுமரி வரை போக நினைப்பவர்கள் இதை ரொம்ப யோசிக்கணும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஏப்ரல் பரீட்சை முடிந்து மே மாதம் போகலாமே என்று சிவில்காரன் சொன்னான். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் மிதிக்கிற யோசனையை நாங்கள் ஓட்டெடுப்பு இல்லாமலே தள்ளுபடி செய்தோம். நவம்பர், டிசம்பர் மழை. ஆக நமக்கு வாய்த்தது ஜனவரி, பிப்ரவரிதான். பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து ஊருக்குப் போகிற பஸ்ஸும் காரும் சேர்ந்து ஜி.எஸ்.டி. ரோடு அன்று சைக்கிளுக்கான இடமே இல்லை.

இப்போது ரிப்பேர். 350 ரூபாயை இதற்கு ஒதுக்கினோம். அதில் பெரும்பகுதி பின் டயருக்கு. பாரம் முழுக்க பின் சக்கரத்தின் மேல் என்பதால் முன் டயர் பழசாக இருந்தாலும் பின் டயர் புதுசாக இருக்கணும். மிச்சம் கிரீஸ், நாலு பிரேக் கட்டை, ஹப்புக்கும் பி.பி.க்கும் புது பால்ஸ். கூலி? கூலி கிடையாது. ஓவராயிலிங் நாமே செய்வது. மெக்கானிக்கல் படிக்கிறவன் சைக்கிள் கோன் டைட் வைக்கக் கடைக்காரருக்குக் காசு கொடுத்தால் டிப்ளமோவுக்கே அவமானம். ரிம் கோட்டம் எடுப்பது மட்டும் கைப்பழக்கம் வேண்டிய வேலை. அதற்கு எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் போனேன். கோட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, எல்லாரும் செயினுக்கு எண்ணெய ஊத்துவான். ஊத்தாத. ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு சொட்டு வுட்டு, மேல இருக்கறத துணியால தொடச்சிடு. இல்லன்னா மண்ணு ஒட்டி அரைக்கும்." இதைத்தான் டிரைபாலஜியில் ஒரு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் செய்த ஒரே பெரிய மாற்றம் ஃப்ரீவீல். உங்கள் சைக்கிளில் பற்களை எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் முன்னால் 44, பின்னால் 18 இருந்தது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஒரு முழு மிதிக்கு 5.4 மீட்டர் போகும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் மாட்டினால் 4.8 மீட்டர்தான் போகும், ஆனால் காலில் விழும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கு 55 மிதி வைத்தால் மணிக்கு 16 கிலோமீட்டர் வரும். மேம்பாலம் ஏறும்போதும் எதிர்க்காற்றிலும் இந்தப் பத்து சதவீதம் தெய்வம் மாதிரி. பழைய ஃப்ரீவீல் ஒன்று நல்ல நிலையில் கிடைத்ததால் எனக்குச் செலவு கம்மி. பற்கள் கூடுவதால் செயின் பற்றாமல் போகலாம், அச்சை முன்னால் நகர்த்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

சீட் உயரம் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நீட்டமாக இருக்கணும். அதுதான் அளவு. தாழ்வான சீட்டில் 10 கிலோமீட்டர் போகலாம், 80 போனால் முழங்கால் மடங்காது. இந்தத் திருத்தத்துக்குச் செலவு பூஜ்யம், ஒரு ஸ்பேனர் போதும்.

வழியில் கெடக்கூடியவை எவை என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதினோம். பஞ்சர், ஸ்போக்ஸ் உடைதல், செயின் அறுதல், பிரேக் கம்பி, காட்டர் பின். அதற்கேற்ற சாமான் மட்டும் எடுத்தோம்: ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் கழற்ற இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், ஒரு டியூப், வால் டியூப் ஒரு முழம், பம்ப், ஸ்பேனர் செட், இரண்டு காட்டர் பின், சின்னச் சுத்தியல். மூவருக்கும் சேர்த்து ஒரே செட். சுத்தியல் எதற்கு என்று ஆட்டோமொபைல்காரன் கேலி செய்தான். பண்ருட்டிக்கு முன்னால் அவனுடைய இடது கிராங்க்தான் 'டக் டக்' என்று ஆட ஆரம்பித்தது. காட்டர் பின் தேய்ந்துவிட்டது. ரோட்டோரம் புளிய மரத்தடியில் கல்லை அடியில் முட்டுக் கொடுத்து, புதுப் பின்னைத் தட்டி ஏற்றி, நட்டை முறுக்கி, பதினைந்து நிமிஷத்தில் கிளம்பினோம். ஆடுகிற கிராங்க்கோடு மிதித்துக்கொண்டே போனால் பின் மட்டும் இல்லை, அச்சும் போய்விடும். அப்பாவின் கேள்விக்கு அந்த இரண்டு காட்டர் பின்தான் பதில்.

சுமை. இது ரொம்ப முக்கியம். எங்கள் விதி தலைக்கு 6 கிலோ, தண்ணீர் தனி. இரண்டு செட் துணி (ஒன்று போட்டிருப்பது), லுங்கி, துண்டு, போர்வை, பிளாஸ்டிக் ஷீட். பையை முதுகில் மாட்டக்கூடாது. வேர்வையில் முதுகு வெந்துவிடும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கிற சைடு பைக்கு ஆயிரக்கணக்கில் விலை. நாங்கள் அரிசிச் சாக்கை இரண்டாக மடித்துத் தைத்துக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டோம். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நிதானம். சாக்கு ஸ்போக்ஸில் சிக்காமல் உள்பக்கம் ஒரு அட்டை வைத்துத் தைக்கணும்.

இனி சாப்பாடு. மணிக்கு 300 கலோரிக்குக் குறையாமல் எரியும். ஐந்தரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், வழக்கமாகச் சாப்பிடுவதோடு இன்னும் முக்கால் பங்கு சாப்பிடணும் என்று வருகிறது. தலைக்கு 560 ரூபாய், அதாவது நாளைக்கு 140. பஸ் நிற்கிற பெரிய மோட்டல் பக்கம் போனால் ஒரு வேளையில் முடிந்துவிடும். ஆகவே, ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று பார்க்கிறவனாக மாறணும். அப்படிப் பார்த்தால் முதலிடம் வேர்க்கடலைக்கு. 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. வீட்டிலிருந்தே வறுத்த கடலையும் வெல்லமும் ஆளுக்கு அரை கிலோ எடுத்துப் போனோம். அடுத்து வாழைப்பழம். அதற்கடுத்து ஊருக்குள் இருக்கிற சின்ன இட்லிக் கடைகள். ஹைவேயை விட்டு அரை கிலோமீட்டர் உள்ளே போனால் விலை இறங்கிவிடும். 2013இல் ஆரம்பித்த அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அது மாநகராட்சி இருக்கிற ஊர்களில் கிடைக்கும். திருச்சியில் எங்கள் கடைசிச் சாப்பாடு அதுதான்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், இரண்டு பாட்டிலில். தாகம் எடுத்த பிறகு குடித்தால் லேட். உப்பும் போய்விடுவதால், 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே கரைசல்தான்.

தங்குவதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நம் நாட்டில் காசில்லாமல் தூரதேசம் போவது புதுசு இல்லை. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நடந்தே போகிறவர்கள் லாட்ஜ் புக் பண்ணிவிட்டா போகிறார்கள்? அந்தக் காலத்தில் சத்திரங்களைக் கட்டியதே இதற்குத்தான். மதுரை ஜங்ஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நின்றுகொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதாரண்யம் யாத்திரை ஞாபகம் வரும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக, சுமார் 240 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சை கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் போட்டார்கள் என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? அவர்கள் ஒரு நாளைக்கு நடந்தது சராசரியாக 16 கிலோமீட்டர். நம் சைக்கிளுக்கு ஒரு மணி நேரம். அவர்கள் நடந்த கும்பகோணம்–திருச்சி வழியில் எதிர்த்திசையில் நாங்கள் மிதித்தோம் என்பதில் எனக்குத் தனிப்பட்ட பெருமை.

எங்கள் மூன்று ராத்திரிகள் இப்படி. முதல் நாள் திண்டிவனம் வரை சுமார் 95 கிலோமீட்டர். அங்கே பக்கத்துக் கிராமத்தில் சிவில்காரனின் அத்தை வீடு. உறவுக்காரர் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த நாளின் தூரத்தையே முடிவு செய்தோம். மேப்பைப் பிரிப்பதற்கு முன் அம்மாவைக் கேளுங்கள். எந்த மேப்பிலும் இல்லாத தகவல் அவர்களிடம் இருக்கும். இரண்டாம் நாள் விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக வடலூர், சுமார் 80. வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி ஆரம்பித்த தருமச்சாலை அங்கே இருக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். யார், என்ன சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லிச் சோறு போட்டார்கள். உண்டியலில் எங்களால் முடிந்ததைப் போட்டோம். இலவசமாகச் சாப்பிடுவது வெட்கம் என்று ஆட்டோமொபைல்காரன் முதலில் தயங்கினான். காய்கறி நறுக்க ஆள் வேணுமா என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தான், தயக்கம் தீர்ந்தது. படுத்தது ஒரு கல்யாண மண்டபத்தின் வராந்தாவில், வாட்ச்மேனிடம் காலேஜ் ஐ.டி. கார்டைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு. தைப்பூசம் சமயத்தில் ஜோதி தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், அப்போது இடம் கிடைப்பது கஷ்டம். மூன்றாம் நாள் சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம், சுமார் 70. அன்று தூரம் கம்மி என்பதால் கீழணையில் ஒரு மணி நேரம் நின்றோம். 1836இல் கட்டியது. சிவில்காரனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மதகு மதகாக எண்ணுகிறான்! அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது, வீராணத்திலிருந்து குழாயில் சென்னைக்கு வருகிறது. அன்று ராத்திரி ஒரு சின்ன லாட்ஜில் மூவருக்கும் சேர்த்து ஒரு அறை, தலைக்கு 230. மூன்றாவது ராத்திரியாவது துணி துவைத்து, குளித்து, மின்விசிறிக்குக் கீழே தூங்கணும். இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

நம் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. "பொண்ணுங்களால முடியுமா?" என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம் 1990களின் தொடக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டது. அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். மிதிப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் வராந்தாவில் படுக்கிற எங்கள் வழியை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். மூன்று ராத்திரியும் தெரிந்த வீடு அல்லது முன்பே பேசி வைத்த விடுதி என்று அமைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி ரூட்டை மாற்றுங்கள். தலைக்கு 300, 400 கூடும். அதற்குக் கேன்டீன் கணக்கில் வழி இருக்கிறது.

ரோடு. செலவைப் பற்றி இவ்வளவு எழுதினேன், உயிரைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. இருட்டில் ஹைவேயில் மிதிக்காதீர்கள். இதில் விவாதமே கிடையாது. சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே தங்க வழி பாருங்கள், திட்டம் என்ன சொன்னாலும் சரி. பின் மட்கார்டிலும் சாக்கிலும் லாரிகளுக்கு ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், சில ரூபாய்தான். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போகலாம், ஆனால் எதிர்த் திசையில் வருகிற பைக்குகளும் அங்கேதான் வரும். செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஓரம் குறுகும், பக்கவாட்டுக் காற்றும் இருக்கும். பின்னால் பெரிய வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மூவரும் ஒருவர் பின் ஒருவராக, பத்து மீட்டர் இடைவெளியில். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதெல்லாம் நம் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். டோல்கேட்டில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கழிப்பறை, தண்ணீர் இருக்கும். பரனூரையும் ஆத்தூரையும் அப்படித்தான் உபயோகித்தோம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்பாதீர்கள், வீட்டு நம்பரைத் தாளில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்கவில்லை. சாப்பாட்டுப் பணம் சிவில்காரனிடம். அவன் கையை விட்டு ஒரு ரூபாய் வாங்குவது காண்ட்ராக்டரிடம் பில் பாஸ் பண்ணுவதை விடக் கஷ்டம். 1500க்கு மேல் ஆளுக்கு 500 ரூபாயைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே வீட்டார் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். உடம்புக்கு முடியாமல் போனால் பஸ் ஏறி வர மட்டும் அது. மூன்று கவரும் பிரிக்காமல் வீடு திரும்பின. அப்பா அவர் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக, திரும்பி வருவது. நாலாம் நாள் தஞ்சாவூரில் பெரிய கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, சுமார் 95 கிலோமீட்டர் மிதித்துச் சாயங்காலம் திருச்சி ஜங்ஷன் போனோம். திரும்பவும் மிதித்து வந்தால் இன்னும் 4 நாள், இன்னும் 560 ரூபாய் சாப்பாடு. ரயிலில் ஜெனரல் டிக்கெட்டும் சைக்கிள் லக்கேஜும் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு 290க்குள் முடிந்தது. முறை இதுதான்: முதலில் உங்கள் டிக்கெட்டை எடுங்கள். ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே பார்சல் ஆபீஸுக்குப் போய், டிக்கெட்டைக் காட்டி, சைக்கிளை லக்கேஜாகப் புக் செய்யுங்கள். சைக்கிள் பிரேக் வேனில் ஏறும். எல்லா ரயிலிலும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரமே தாம்பரத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தாம்பரத்தில் இரண்டு நிமிஷம் நிற்கிற ரயிலை விட, தாம்பரத்தோடு முடிகிற ரயிலாகப் பார்த்தால் இறக்க அவசரப்பட வேண்டியதில்லை. பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டி, செயின் மேல் சாக்கைச் சுற்றிவிடுங்கள். பெயர், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், போன் நம்பர் எழுதிய அட்டை இரண்டு: ஒன்று ஹேண்டில் பாரில், ஒன்று பின் கேரியரில். மார்க்கரில் எழுதுங்கள், பேனா மழையில் அழியும். ரசீது பத்திரம். அது இல்லாமல் உங்கள் சைக்கிளை உங்களிடமே கொடுக்க மாட்டார்கள்.